அங்குலத்துக்கு எட்டு

அன்புள்ள மரையே,

நலமா என்று உன்னைக் கேட்கத் தேவையில்லை. நீ நலமாக இல்லாவிட்டால் எங்காவது ஏதாவது கழன்று விழுந்து ஊருக்கே சொல்லிவிடும். எழுபதைத் தாண்டிய கிழவன், மரையாணியின் மேல் சுற்றி ஓடும் பள்ளத்துக்குக் கடிதம் எழுதுகிறான் என்று வீட்டில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். மனிதர்களிடம் பட்ட கடனை முடிந்த மட்டும் அடைத்துவிட்டேன். உன்னிடம் பட்டது அப்படியே கிடக்கிறது.

மரையே, நான் பிறந்த தோட்டம் உனக்குத் தெரியும். சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சனுக்கு 1891-இல் திறந்த ரயில் பாதை இருக்கிறதே, அதன் இரு பக்கமும் விரிந்து கிடந்த ரப்பர்க் காடுகளில் ஒன்று. அங்கே அளவு என்பது எப்போதும் அடுத்தவர் கையில் இருந்த பொருள். விடியுமுன் பெரட்டில் பேர் கூப்பிடும்போது வந்து நின்றோமா இல்லையா என்பது கங்காணியின் கணக்கு. மரத்தில் கத்தி எவ்வளவு ஆழம் இறங்கலாம் என்பது சின்னத் துரையின் கணக்கு. அம்மா காண்டா வாளியில் சுமந்து வந்த பாலை ஸ்டோரில் ஊற்றியதும், மெட்ரோலாக் என்ற மிதவையை அதில் விட்டு, எந்தக் கோடு வரை முங்குகிறது என்று பார்த்து, பாலில் ரப்பர் எத்தனை பங்கு என்று கிராணி புத்தகத்தில் எழுதுவார். அம்மா எட்டிப் பார்த்தால் தெரிவது பாலின் வெள்ளை மட்டும். எழுதிய எண் எழுதியதுதான். சிங்கப்பூர்ச் சந்தையில் ரப்பர் விலை இறங்கினால் எங்கள் லயத்தில் மீன் வாங்குவது நின்றுபோகும். அந்த விலையை இறக்கியது யார் என்று யாரிடம் போய்க் கேட்பது?

மரையே, அந்தத் தோட்டத்தில் யாருடைய வாய்ச்சொல்லும் செல்லாத ஓர் இடத்தை நீதான் எனக்குக் காட்டினாய். ஆலைக்குப் பின்கட்டில், புகைவீட்டு வாடை அடிக்கும் தகரக் கொட்டகைதான் பட்டறை. அங்கே நட்டு ஏறும், அல்லது ஏறாது. பெரிய துரையே பங்களாவிலிருந்து இறங்கி வந்து "ஏறும்" என்று சொன்னாலும், ஏறாத நட்டு ஏறாது. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு எடுபிடியாகச் சேர்ந்த பையனுக்கு அது எவ்வளவு பெரிய சேதி என்று உனக்கு விளங்கியிருக்காது. நீ உன் போக்கில் சுற்றிக்கொண்டிருந்தாய்.

மரையே, உன்னை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் பிட்டர் மாமா. சொந்தம் ஒன்றும் கிடையாது. லயத்தில் பெரியவர்கள் எல்லாருமே யாரோ ஒருவருக்கு மாமாதான். செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை பழகியவர். எங்கள் லேத் இங்கிலாந்தில் செய்தது, அவரைவிட வயதில் மூத்தது. கூரைக்கடியில் ஓடும் ஷாப்டிலிருந்து தோல் பெல்ட் இறங்கி வந்து அதைச் சுற்றும். பக்கத்தில் பல்சக்கரங்கள் ஆணியில் வரிசையாகத் தொங்கும். அன்றைக்கு எந்த மரையோ அதற்குத் தக்கபடி சக்கரத்தை எடுத்து மாட்ட வேண்டும். லேத்தின் நீளத்துக்கும் ஓடும் லீட் ஸ்குரூவில் அங்குலத்துக்கு 4 மரை. நமக்கு வேண்டியது அங்குலத்துக்கு 8. அப்படியானால் கம்பியைப் பிடித்துச் சுற்றும் சக்கு இரண்டு சுற்று சுற்றும்போது லீட் ஸ்குரூ ஒரு சுற்று சுற்ற வேண்டும். மேலே 20 பல், கீழே 40 பல். "ஒரு மரையிலிருந்துதாண்டா இன்னொரு மரை பிறக்கும்" என்பார் மாமா. தாய் மரை சரியில்லை என்றால் பிள்ளையைத் திட்டிப் பயனில்லை என்பது அதற்குள் அடக்கம்.

டூலைக் கல்லில் பிடித்து 55 பாகைக்குத் தீட்ட வேண்டும். மீன்வால் கேஜை அதன் முனையில் பொருத்தி, கொட்டகை வாசலுக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பார்ப்பார் மாமா. இடுக்கில் கீற்று வெளிச்சம் தெரிந்தாலும் மறுபடி கல்லுக்குத்தான். டூலின் முனை கம்பியின் மையத்துக்கு நேராக நிற்கிறதா, டூலைத் தாங்கும் காம்பவுண்டு 27 பாகைக்குத் திரும்பியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, தொட்டும் தொடாமலும் ஒரு ஓட்டம். கம்பியின் மேல் மயிரிழையாக ஒரு கோடு சுற்றிக்கொண்டு போகும். லேத்தை நிறுத்தி, ஸ்கேலை வைத்து எண்ண வேண்டும்: ஓர் அங்குலத்துக்குள் எட்டு இருக்கிறதா? இருந்தால்தான் மேற்கொண்டு வெட்டு. முதலில் 10 தௌ, பிறகு 5, பிறகு 2. தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பிரஷ்ஷில் தேங்காய் எண்ணெயைத் தொட்டுத் தொட்டு வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். சூட்டில் அந்த எண்ணெய் புகையும்போது பட்டறை முழுக்கத் தாளிக்கிற வாசனை வரும். ஒவ்வொரு ஓட்டத்தின் முடிவிலும் இடக்கை டூலைப் பின்னுக்கு இழுக்க, அதே நொடியில் வலக்கை லீட் ஸ்குரூவைப் பற்றியிருக்கும் ஆஃப் நட்டைத் தூக்கிவிட வேண்டும். ஒரு கை முந்தினாலும் டூல் முனை போய்விடும். ஆழம் 80 தௌ வந்ததும், டூலை மேற்கொண்டு ஏற்றாமல் சும்மா ஓர் ஓட்டம் விடுவார். அந்த வெறும் ஓட்டத்தில்கூடத் தூசு மாதிரி கொஞ்சம் உதிரும். இரும்பும் வளைந்து கொடுக்கிறது, கொடுத்ததைத் திருப்பி வாங்கிக்கொள்கிறது என்று நான் கண்டது அந்த ஓட்டத்தில்தான்.

மரையே, எட்டு நல்ல பிள்ளை. நாலின் மடங்கு என்பதால் ஆஃப் நட்டை எங்கே போட்டாலும் டூல் பழைய பள்ளத்திலேயே போய் உட்காரும். பதினொன்று அப்படியில்லை. தண்ணீர்க் குழாயில் வரும் அந்த 11-ஐ வெட்டும்போது, சக்கிலும் லீட் ஸ்குரூவிலும் சாக்கட்டியால் கோடு போட்டு, இரண்டு கோடும் ஒன்றாக மேலே வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். எங்கள் லேத்தில் அதற்கென்று டயல் கிடையாது. காத்திருக்கத் தெரியாதவன் மரை வெட்டக் கூடாது என்று மாமா சொன்னதில்லை. பதினொன்றை என் கையில் கொடுத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விடுவார்.

மரையே, நான் உன்னைத் தனியாக வெட்டி முடித்த முதல் வேலை ஆலையின் உருளைக்குத்தான். பாலில் பார்மிக் அமிலம் ஊற்றி உறையவைத்து, உறைந்ததை உருளைகளுக்கு இடையில் விட்டுத் தகடாக இழுப்பார்கள். அந்த இடைவெளியை வைப்பது இரண்டு பக்கமும் இருக்கும் திருகு. அமிலத் தண்ணீர் நாள்பூராவும் அதன்மேல் சொட்டும். இரும்பு எத்தனை நாள் தாங்கும்? மரை அரித்துப்போனால் திருகு பாதி வேலையில் நழுவும். தகடு ஒரு பக்கம் தடிப்பாக, ஒரு பக்கம் மெலிதாக வரும். தடித்த பக்கம் புகைவீட்டில் காயாது. பூஞ்சணம் பிடிக்கும், தரம் இறங்கும். அங்குலத்துக்கு எட்டு மரை என்றால் ஒரு சுற்றுக்கு அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. கால் சுற்றுக்கு முப்பத்திரண்டில் ஒரு பங்கு. உருளைக்காரர் என் திருகைக் கால் சுற்று திருப்பினார், தகடு அவ்வளவு மெலிந்தது. அரைச் சுற்று திருப்பினார், அதற்குத் தக்க மெலிந்தது. எந்தக் கிராணியையும் கேட்காமல் அது சொன்னபடி நடந்தது. அன்று சாயங்காலம் அம்மா ஒட்டுப்பால் மூட்டையை இறக்கிவைத்துவிட்டு ஆலை வாசலில் நின்று பார்த்தாள். அவள் வெட்டிய பால் என் திருகுக்கு அடியில் தகடாக வந்துகொண்டிருந்தது. "உன்னுதாடா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். வேறெதுவும் கேட்கவில்லை, ஆனால் அந்த வாரம் பக்கத்து லயத்துக்கெல்லாம் சேதி போயிருந்தது.

மரையே, நீ எங்கிருந்து வந்தாய் என்பதைப் பிற்பாடுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். இலண்டனில் ஹென்றி மாட்ஸ்லே என்பவர் 1800-ஐ ஒட்டி, லீட் ஸ்குரூவும் மாற்றுப் பல்சக்கரமும் வைத்த லேத்தைக் கட்டினார். அதற்கு முன்னால் ஒவ்வொரு பட்டறையிலும் போல்ட்டும் நட்டும் ஒன்றுக்கொன்று மட்டுமே பொருந்தும் சோடிகள். சோடி மாறினால் இரண்டும் வீண். மாட்ஸ்லேயிடம் வேலை பார்த்த ஜோசப் விட்வொர்த் நாட்டிலுள்ள பல பட்டறைகளிலிருந்து போல்ட்டுகளைத் திரட்டி, அளந்து, சராசரி கண்டு, 1841-இல் ஒரே அளவை முன்வைத்தார். பக்கத்துக்குப் பக்கம் 55 பாகை. அரை அங்குல போல்ட்டில் அங்குலத்துக்கு 12 மரை, ஓர் அங்குல போல்ட்டில் 8 மரை. சட்டம் போட்டுத் திணித்ததல்ல, தொழிலாளிகளின் கைகள் ஏற்கெனவே வெட்டிக்கொண்டிருந்ததன் நடுப்புள்ளி. அதனால்தானோ என்னவோ என் கைக்கும் அது அந்நியமாகப் படவில்லை. வெள்ளைக்காரன் கப்பலில் இங்கே வந்து இறங்கியவற்றைப் பற்றி எனக்குப் பல மனக்குறை உண்டு. உன் மேல் ஒன்றும் இல்லை. துரை வெட்டினாலும் நான் வெட்டினாலும் 55 பாகைதான். துரை வெட்டியதை நான் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம்.

மரையே, ஆலைக்கு மட்டுமா உழைத்தாய்? லயத்துக் குழாயடியில் சண்டை ஓய்ந்தது உன்னால். அரை அங்குலக் குழாய்க்கு அங்குலத்துக்கு 14 மரை. பழைய குழாயின் முனையை வெட்டிப் புது மரை போட்டு, சணலைச் சுற்றி இறுக்கினால் சொட்டுக்கூடக் கசியாது. மாரியம்மன் கோயில் ரதத்தின் அச்சுக்கு நட்டு தேய்ந்துபோனபோது, திருவிழாவுக்கு முன்னால் பட்டறையில் ராத்திரி வேலை. பூசாரி அந்த நட்டுக்கும் திருநீறு பூசினார். பிட்டர் மாமா சாமி கும்பிடுகிறவர் அல்ல. ஆனால் அன்று ரதம் தோட்டத்தைச் சுற்றி வந்து நிற்கும்வரை அச்சைப் பார்த்துக்கொண்டே கூட நடந்தார்.

மரையே, மாமாவைப் பற்றி உனக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும். அவரிடம் இருந்தது குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாளக் கார்டு. 1968-இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாதவர்கள் பெர்மிட் இல்லாமல் வேலை செய்யக் கூடாது என்றார்கள். அடுத்த ஆண்டிலிருந்து அது இறுக ஆரம்பித்தது. பாரம் நிரப்பத் தெரியாமல், பிறப்புப் பத்திரம் இல்லாமல், எத்தனையோ தோட்டத்து ஆட்கள் வேலை இழந்தார்கள். பல்லாயிரக்கணக்கானோர் கப்பலேறினார்கள். ரயில் இன்ஜினுக்கும் ரப்பர் உருளைக்கும் மரை வெட்டிய கை இந்த நாட்டுக்குத் தேவையா இல்லையா என்பதை ஒரு கார்டின் நிறம் முடிவு செய்தது. இதற்கு எந்த கேஜும் வைத்துப் பார்க்க முடியாது. மாமாவும் ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்துக்குப் போனார். போகிறபோது மீன்வால் கேஜை என் சட்டைப்பையில் போட்டுவிட்டு, "வெளிச்சத்துல பாரு" என்றார். பட்டறையும் லேத்தும் என் கைக்கு வந்தன. அவருடைய சம்பளம் வரவில்லை. அது தோட்டங்களின் வழக்கம்.

மரையே, நான் உன்னை முழுக்க அறிந்துகொண்டதாக நினைத்திருந்த நேரத்தில் நீ வேறு முகம் காட்டினாய். 1972-இல் எடை அளவைச் சட்டம் வந்து, நாடு மெல்ல மெல்ல மீட்டருக்கு மாறியது. அதற்கு முன்பே ஜப்பான்காரன் மாறிவிட்டான். ரஸ்டன், லிஸ்டர் இன்ஜின்கள் எல்லாம் அங்குலக் குடும்பம். யன்மாரும் குபோத்தாவும் வந்தபோது மில்லிமீட்டரும் 60 பாகையும் கூடவே வந்தன. 3/8 அங்குல போல்ட்டில் 10 மில்லிமீட்டர் நட்டு தொளதொளவென்று சில சுற்று ஏறி, பிறகு கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். "இறுகிடுச்சு" என்று சந்தோஷப்படுகிறவன் அடுத்த வாரம் திரும்பி வருவான். இறுகுவது வேறு, சிக்குவது வேறு.

மரையே, அங்குல லேத்தில் மில்லிமீட்டர் மரை வெட்ட முடியுமா என்ற கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர், ஐந்தால் பெருக்கினால் 127. அந்த 127 பல் உள்ள ஒரே ஒரு சக்கரம் இருந்தால் போதும். எங்கள் லீட் ஸ்குரூ ஒரு சுற்றுக்கு 6.35 மில்லிமீட்டர் நகரும். 30 பல் சக்கரம் 127 பல் சக்கரத்தை ஓட்டினால் 1.5 மில்லிமீட்டர் மரை கிடைக்கும். ஏறக்குறைய அல்ல, அப்பழுக்கில்லாத 1.5. ஆனால் 127 பகா எண். சின்னச் சக்கரங்களைக் கூட்டி மாட்டி அதே விகிதத்தைக் கொண்டுவர முடியாது. எப்படிச் சுற்றி வளைத்தாலும் கொஞ்சம் பிசகும். கோலாலம்பூரிலிருந்து பழைய சக்கரம் ஒன்று வந்து சேர்ந்தபோது அதைக் கையில் வைத்துக்கொண்டு பல்லை எண்ணினேன். எண்ணாமல் வாங்குவேனா? மில்லிமீட்டர் மரை முடியும்வரை ஆஃப் நட்டைத் திறக்கவே கூடாது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் டூலை மட்டும் விலக்கி, குறுக்குப் பெல்ட்டைப் போட்டு லேத்தைப் பின்னோக்கிச் சுற்றிக் கொண்டுவர வேண்டும். வேலை இரட்டிப்பு. ஆனால் ஆறாம் வகுப்போடு நின்ற கணக்கை எனக்குத் திரும்பக் கொண்டுவந்து கொடுத்தது அந்தச் சக்கரம்தான். பின்னம், விகிதம், பகா எண் எல்லாம் வாத்தியார் பிரம்போடு நின்றபோது விளங்காதவை, பல்லும் எண்ணெயுமாக வந்தபோது விளங்கிவிட்டன.

மரையே, இன்னொன்றும் சொல்ல வேண்டும். பட்டறையில் மைக்ரோமீட்டரைக் கையில் எடுக்கும்போது அதற்குள் ஒளிந்திருப்பதும் நீதான். அங்குலத்துக்கு 40 மரை, சுற்றிலும் 25 கோடு; ஒரு கோடு நகர்ந்தால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அளக்கப்படுகிறவனாக வளர்ந்தவனை நீ அளக்கிறவனாக ஆக்கினாய்.

மரையே, அந்தத் தோட்டம் இப்போது இல்லை. முதலில் ரப்பரை வெட்டிச் செம்பனை வைத்தார்கள். பிறகு செம்பனையையும் தள்ளி வீடு கட்டினார்கள். சிரம்பான் 2-இலும் சென்டாயானிலும் இன்று கார் நிறுத்த இடம் தேடுகிறவர்களுக்கு, அடியில் இருந்தது எந்தத் தோட்டம் என்று தெரிய வேண்டிய அவசியம் இல்லை. லயத்தை விட்டுக் கிளம்பியவர்களில் பலருக்குக் கையில் இருந்தது பால்வெட்டு ஒன்றுதான். அதை டவுனில் யார் கேட்பார்கள்? எனக்கு நீ இருந்தாய். செனவாங்கில் சின்னதாக ஒரு பட்டறை போட்டேன். முன்பணத்துக்கு அம்மாவின் சங்கிலி, துணைக்கு ஒரு பழைய கோல்செஸ்டர் லேத். அதில் டயல் இருந்தது, ரிவர்ஸும் இருந்தது. பிள்ளைகள் படித்தார்கள்.

மரையே, இப்போது கணினி லேத்துகள் உன்னை ஒரு மூச்சில் வெட்டி எறிகின்றன. எனக்குப் பொறாமை இல்லை. அவை வெட்டுவது நன்றாகவே இருக்கிறது. என்னிடம் பழக வரும் பையன்களை முதல் மாதம் கைலேத்தில்தான் நிறுத்துகிறேன். பழைய பிடிவாதம் என்று அவர்கள் நினைக்கலாம். ஓடுகிற லேத்தில் இரண்டு கையும் ஒரே நொடியில் இரண்டு வேலை செய்யப் பழகியவனுக்குக் கணினியில் எண்ணை அழுத்தும்போது அந்த எண் எங்கே போய் உட்காருகிறது என்று தெரியும். மற்றவனுக்கு அது எண் மட்டுமே. அவர்களில் ஒருவனாவது உனக்கு என்றாவது கடிதம் எழுதுவானா தெரியாது. வாட்ஸ்அப்பில் ஒரு படமாவது போடுவான்.

சரி, நிறுத்துகிறேன். செம்பனை ஆலைக்காரர்கள் நாளைக் காலையில் வருகிறார்கள். பழத்தைப் பிழியும் இரட்டைத் திருகில் ஒன்று வலப்பக்கம் சுற்றும், ஒன்று இடப்பக்கம். ஒரு தண்டின் முனையில் மரை போய்விட்டதாம்; இடப்பக்க மரை. சக்குப் பக்கத்திலிருந்து தொடங்கி வெளிப்பக்கமாக வெட்ட வேண்டும், அதற்கு முன் டூல் இறங்க ஒரு காடி போட வேண்டும். அளவைத் தொலைபேசியில் சொன்னார்கள். அதை எழுதி வைத்துக்கொண்டேன், ஆனாலும் அந்தப் பழைய நட்டையும் கையோடு கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உனக்குக் கடன்பட்டவன்,
செனவாங்